முதலில் கூடிய நிறை

“உங்கட கிட்னி நல்ல கிட்னி. நீங்கள்தான் சரியில்லை” என்றார் டொக்டர்.

கொழும்பில், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் சின்ன அறையொன்றில் நானும் மனைவியும் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். திருகோணமலையிலிருந்து பலமுறை வந்து போய், இரத்தம் கொடுத்து, ஸ்கான் எடுத்து, மனநல டொக்டரின் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடித்திருந்தேன். என் இரத்தம், சிறுநீரகம் தேவைப்பட்ட தங்கச்சியின் இரத்தத்தோடு பொருந்துகிறது என்று தெரிந்த அன்றே என் பங்கு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இனி மேசையில் ஏறிப் படுப்பதுதான் மிச்சம் என்பது என் எண்ணம்.

டொக்டர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அறிக்கையைப் பார்த்தார்.

“பத்துக் கிலோ குறைச்சுக்கொண்டு வாங்கோ. இந்த உடம்போட உங்களை வெட்டினா உங்களுக்கு ஆபத்து. ஒரு கிட்னியோட மிச்சக் காலம் முழுக்க இருக்கப்போறதும் நீங்கள்தான். பிரஷர், சீனி வருத்தம் ஒண்டும் வரக்கூடாது.”

“எவ்வளவு காலத்துக்குள்ள, டொக்டர்?”

“அது உங்கட கையிலதான் இருக்கு.”

வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தோம். பையிலிருந்த, மீன் அடைத்த மாலு பணிஸை எடுத்து எனக்கு நீட்டப் போன மனைவி, பாதியில் நிறுத்தித் திரும்பப் பைக்குள் வைத்தாள். அந்த நேரத்திலும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

நிலாவெளிக் கடற்கரையில் உள்ள ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். வருடக்கணக்காக அதே மேசை, அதே கதிரை. மத்தியானச் சாப்பாடு ஹோட்டல் குசினியில். சமையல்காரர் என் கூட்டாளி. விருந்தினருக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் செய்த வட்டிலப்பத்தில் ஒரு துண்டாவது என் மேசைக்கு அனுப்பாமல் அவருக்கு நாள் முடியாது. எனக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை.

தங்கச்சி என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளுக்கு நீண்டகாலமாகத் தலையிடி இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். அது இரத்த அழுத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. கால்கள் வீங்கத் தொடங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறையச் செயலிழந்திருந்தன. அதன் பிறகு கிழமைக்கு மூன்று தடவை டயலிசிஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவளுடைய புருஷன், என் மச்சான், தான் தருவதாகத்தான் முதலில் சொன்னார். அவருடைய இரத்த வகை பொருந்தவில்லை. அன்று பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அந்த மனிதர் அழுதார். “நான் இருக்கிறன்தானே” என்று என் வாயில் வந்துவிட்டது. மனைவி என்னை ஒருதடவை ஆழமாகப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கும் அவள்தான் கூட வந்தாள்.

கொழும்பிலிருந்து திரும்பியதும் தங்கச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். உள்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அவர்கள் வீடு. சாய்வு நாற்காலியில் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள்.

“பத்துக் கிலோவோ?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப உங்கட ஹோட்டல் வட்டிலப்பம்தான் அண்ணா, எனக்கு வில்லன்.”

அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டுக் கனகாலம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பிலேயே நான் மெலிந்துவிடுவேன் என்று தோன்றியது.

மறுநாளே தொடங்கினேன். முதல் பஸ்ஸில் போய், ஹோட்டலுக்கு முந்திய தரிப்பிடத்தில் இறங்கிக் கடற்கரை வழியாக நடந்தேன். மணலில் நடப்பது வீதியில் நடப்பது போலல்ல. ஹோட்டலுக்கு முன்னால் வருவதற்குள் மூச்சு வாங்கியது. அங்கேதான் காலையில் கரைவலை இழுப்பார்கள். அரைவட்டமாகக் கடலில் விட்ட வலையின் இரண்டு நுனிகளையும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்று கயிற்றால் கரைக்கு இழுக்கும் வேலை அது. வெளிநாட்டு விருந்தினர்கள் இடையிடையே ஓடிப்போய்க் கயிற்றைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். பல வருடங்களாக அலுவலக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த காட்சி. நடந்தால் மட்டும் போதுமா என்று யோசித்தபடி நின்றவன், நேரே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போனேன். என் வயதுதான் அவருக்கும்.

“நானும் இழுக்கட்டோ?”

“கிளாக்கர் ஐயா, உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?”

“நிறை குறைக்கவேணும்.”

தங்கச்சியின் கதையையும் சொன்னேன். அவர் கயிற்றின் கடைசியைக் கையால் காட்டினார்.

“சரி, கடைசியில நில்லுங்கோ. காலை மணலுக்குள்ள ஊண்டி, இடுப்பால இழுக்கவேணும். கையால இழுத்தா நாளைக்குச் சோறு அள்ளவும் கை வராது.”

நான் கையால்தான் இழுத்தேன். மறுநாள் சேட்டின் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. மனைவி பூட்டிவிட்டாள். தொடை, முதுகு, தோள் என்று இருப்பது தெரியாமல் இருந்த இடமெல்லாம் நொந்தது. உள்ளங்கையில் கொப்புளம். என்றாலும் போனேன். கயிற்றுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எனக்கென்று ஒரு இடம் விட்டார்கள். வலை இழுத்து முடிந்து, ஹோட்டல் வேலையாட்களின் குளியலறையில் குளித்து, மேசைக்குப் போனால் பசி வயிற்றைக் கிள்ளும். வட்டிலப்பத்தை நிறுத்தியிருந்தேன். சமையல்காரர் சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் வீட்டில் மனைவி குரக்கன் மாவில் அவிக்கும் பிட்டை, உடம்புக்கு நல்லதுதானே என்ற தைரியத்தில் அவித்த நீத்துப் பெட்டி காலியாகும்வரை சாப்பிட்டேன்.

மூன்று நான்கு கிழமை கழித்து, டவுனில் மருந்து விற்கும் பாமசி ஒன்றுக்கு நிறை பார்க்கப் போனேன். செருப்பைக் கழற்றினேன். பேர்ஸ், தொலைபேசி, வீட்டுக் கதவின் திறப்புக் கோர்வை எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வைத்தேன். கைமணிக்கூட்டையும் கழற்றப் போக, அங்கு வேலைக்கு நின்ற பிள்ளை சிரித்தாள்.

“மணிக்கூடு பரவாயில்லை ஐயா, ஏறுங்கோ.”

ஏறினேன். தொடங்கிய நாளைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ கூட.

“மெஷின் பிழையோ பிள்ளை?”

“காலமைதான் நான் ஏறிப் பாத்தனான் ஐயா. சரியாத்தான் இருக்கு.”

மறுநாள் ஹோட்டலில் விருந்தினர் உடற்பயிற்சி செய்யும் அறைக்கு ஆளில்லாத நேரம் பார்த்துப் போய் அங்கிருந்த தராசிலும் ஏறினேன். அதுவும் அதையே சொன்னது. ஏறி இறங்கி மறுபடி ஏறினேன். கொப்புளம் உடைந்து காய்த்துப்போன என் கையைப் பார்த்தேன். இந்தக் கை இழுத்ததெல்லாம் எங்கே போயிற்று? உழைப்பதற்குக் கூலியாக உடம்பு இன்னும் கொஞ்சம் பாரத்தை என் தலையில் ஏற்றியிருந்தது. இரண்டு அடி முன்னால் வைக்க வேண்டியவன் ஒன்று பின்னால் போயிருந்தேன். அந்த ஒரு அடி என்னுடையது மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை.

அதே கிழமையில் தங்கச்சிக்கு மூச்சு எடுக்க முடியாமல் போய்விட்டது. உடம்பில் நீர் கூடி நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. அவசரமாகக் கொண்டுபோய் டயலிசிஸ் மெஷினில் போட்டார்கள். தப்பிவிட்டாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் மச்சான் என் பக்கத்தில் வந்து நின்று, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“கொழும்பில எப்ப எண்டு ஏதும் சொன்னவையோ மச்சான்?”

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து சாப்பாட்டை வெட்டத் தொடங்கினேன். காலையில் வெறும் தேத்தண்ணீர். மத்தியானம் குசினிப் பக்கமே போகவில்லை. இரவில் ஒரு ரொட்டி, அதையும் மனைவி பார்க்கிறாள் என்பதற்காக. தண்ணீர் குடித்தால் தராசில் ஏறும் என்று அதையும் குறைத்தேன். கயிறு இழுப்பதை மட்டும் விடவில்லை. முன்னைவிட மூர்க்கமாக இழுத்தேன்.

ஒருநாள் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வர இன்னும் கொஞ்சத் தூரம். கயிறு கையில் இருந்தது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டியிருந்த மணலும் மேலே குனிந்து நின்ற சம்மாட்டியின் முகமும்தான். வலையைப் பாதியில் விட முடியாததால் மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் தலையைத் தூக்கிப் பிடித்துச் செவ்விளநீரை வாயில் ஊற்றினார்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“தேத்தண்ணி.”

“நேற்று?”

நான் இளநீரை இன்னொரு மிடறு குடித்தேன்.

“பட்டினியோட நிக்கிறவனை நான் கயிற்றில விடமாட்டன், ஐயா. சாப்பிட்டுட்டு வாங்கோ, இல்லாட்டி வராதேங்கோ” என்றார். என் தொலைபேசியை வாங்கி, மனைவிக்கும் அவரே சொன்னார்.

அவள் முச்சக்கரவண்டி பிடித்து வந்தாள். வீட்டுக்கு வந்து, பருப்பும் சோறும் போட்டு என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்கள் விழுந்தா அவளுக்கு ஆர் குடுக்கிறது? எனக்கு ஆர் இருக்கிறது? ரெண்டுக்கும் மறுமொழி சொல்லிப்போட்டு பிறகு பட்டினி கிடவுங்கோ.”

அன்று பின்னேரமே அவள் தங்கச்சிக்கும் சொல்லிவிட்டாள். தொலைபேசியில் தங்கச்சியின் குரல் எனக்கும் கேட்டது.

“நாளைக்கு எனக்கு டயலிசிஸ். அண்ணாவை வரச்சொல்லுங்கோ மச்சாள். வழமை மாதிரி வெளியில வாங்கில இருக்கிறதுக்கு இல்லை. உள்ளுக்கு வரட்டும்.”

அவளை எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்ததில்லை. குழாய்களில் இரத்தம் ஓடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பேப்பரோடு வெளியில் இருந்துவிடுவேன். மறுநாள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலுக்குப் போகுமுன் ஒரு தராசில் ஏறினாள்.

“ரெண்டரைக் கிலோ கூட” என்றார் தாதி.

பிறகு படுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியது. இரத்தம் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். நினைத்த அளவுக்குப் பயமாக இருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் தூங்கினாள். எழும்பி, மூதூரில் மச்சானின் சொந்தக்காரர்களைப் பற்றி என்னவோ பகிடி சொல்லிச் சிரித்தாள். இடையில் உதடு காய்கிறது என்று ஒரு சின்ன ஐஸ் துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க இவ்வளவுதான் என்று அளவு இருந்தது. நாலு மணித்தியாலம் கழித்து மெஷினிலிருந்து கழற்றியதும் மறுபடி தராசில் ஏறினாள். கூடியிருந்த இரண்டரைக் கிலோவும் போயிருந்தது.

“பாத்தீங்களோ அண்ணா? காலமை நான் கொழுப்பு வைச்சிருந்தனானோ? இப்ப மெலிஞ்சிட்டனோ? அவ்வளவும் தண்ணி. கிழமையில மூண்டு தரம் நான் இதை ஏத்தி இறக்கிறன். உங்களுக்கு ஒருக்கா ரெண்டு கிலோ ஏறினதுக்குக் கடற்கரையில விழுந்து கிடக்கிறீங்கள்.”

“உனக்குக் கிட்னி வருத்தம். எனக்கு ஏறினது தண்ணி எண்டு எப்பிடிச் சொல்லுறாய்?”

“மிஸ், எங்கட அண்ணாவுக்குச் சொல்லுங்கோ.”

தாதி கையுறையைக் கழற்றியபடி வந்தார். கரைவலை இழுப்பதைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பழக்கமில்லாத பாரமான வேலை தொடங்கினா தசையெல்லாம் நோகும்தானே? அந்த நோவு ஆறுறதுக்கு உடம்பு அங்க தண்ணியைப் பிடிச்சு வைக்கும். வேலை செய்யிற தசை தனக்கெண்டு சத்துச் சேர்த்து வைக்கேக்கயும் அதோட தண்ணி சேரும். அதால ஆரம்பத்தில தராசு கொஞ்சம் கூடத்தான் காட்டும். சில கிழமையில அது அடங்கும். கன பேர் அந்த நேரம்தான் வெறுத்துப்போய் விடுறவை.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பசியும் கூடியிருக்கும், என்ன?” என்று கேட்டார்.

நீத்துப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. “ஓம் மிஸ். அதுவும்தான்.”

“அப்ப பிட்டைக் கொஞ்சம் குறையுங்கோ. மீன், பருப்பு, மரக்கறி நல்லாச் சாப்பிடுங்கோ. தண்ணியை மட்டும் குறைக்காதேங்கோ. கிட்னியைக் காயவைச்சுக் கொண்டுபோய்க் குடுக்கிறதோ?”

வீட்டுக்குத் திரும்பும்போது தங்கச்சி களைத்திருந்தாள். முச்சக்கரவண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அண்ணா, என்னால இன்னும் கொஞ்சக் காலம் மெஷினில இருக்க ஏலும். அது எனக்குத் தெரியும். நீங்கள் ஆறுதலாக் குறையுங்கோ. அவசரப்பட்டு விழுந்தெழும்பித் தாறதெண்டால் எனக்கு வேண்டாம்.”

எனக்காக அவள் காத்திருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு அவகாசம் கொடுப்பவளும் அவள்தான் என்று அன்றுதான் விளங்கியது.

காலையில் பாணும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டதைச் சம்மாட்டியிடம் சொல்லிவிட்டு, மறுபடி கயிற்றைப் பிடித்தேன். இந்தமுறை இடுப்பால் இழுக்கப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில், அதே பாமசியில், கிழமைக்கு ஒருதடவை மட்டும் நிறை பார்ப்பதென்று மனைவி சட்டம் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் தையல் நாடாவால் இடுப்பையும் அளப்பாள். அடுத்த இரண்டு கிழமையும் தராசு அசையவில்லை. மூன்றாவது கிழமை அரைக் கிலோ இறங்கியது. பாமசிப் பிள்ளை கையைத் தட்டினாள். பிறகு ஒரு கிழமை இறங்கும், ஒரு கிழமை நிற்கும். சில கிழமைகளில் நிறை அப்படியே இருக்க, காற்சட்டை மட்டும் தளர்ந்தது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

மாரி மழை தொடங்க, பருவம் முடிந்து கரைவலையைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். நான் குடையோடு உள்துறைமுக வீதியில் நடந்தேன். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு வீட்டில் செய்த கேக்கால் ஒரு கிலோ திரும்பி வந்தது. அது தண்ணீர் என்று வாதாடிப் பார்த்தேன். மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை கொழும்புக்குப் போனபோது பத்து முழுதாகக் குறைந்திருக்கவில்லை. அதை டொக்டர் சொல்லுமுன் நானே சொன்னேன்.

“இன்னும் ரெண்டு கிலோ கிடக்கு, டொக்டர்.”

அவர் பிரஷரைப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“எனக்கு இது போதும்” என்றார். “திகதி தாறன்.”

மனைவி என் கையைப் பிடித்தாள்.

சத்திரசிகிச்சையைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது வயிறு எரிந்தது, தொண்டை காய்ந்திருந்தது. மனைவி குனிந்து என் காதுக்குள் சொன்னாள்.

“மூத்திரம் போகுதாம்.”

“ஆருக்கு?”

“அவளுக்குத்தான். மேசையில வைச்சே போகத் தொடங்கிட்டுதாம். மச்சான் வெளியில நிண்டு எல்லாருக்கும் சொல்லுறார், பை நிறைஞ்சிட்டுது, பை நிறைஞ்சிட்டுது எண்டு.”

சிரித்தால் தையல் இழுத்தது. சிரிப்பை நிறுத்தவும் முடியவில்லை. என்னுடைய ஒரு துண்டு அடுத்த அறையில், வேறோர் உடம்புக்குள், வேலைக்குப் போன முதல் நாளே உழைக்கத் தொடங்கியிருந்தது.

பாரம் தூக்கக்கூடாது என்று கொஞ்சக் காலம் தடை இருந்தது. ஹோட்டலுக்குத் திரும்பியபோது சமையல்காரர் என் மேசைக்கு ஒரு தட்டில் வெட்டிய பப்பாசிப்பழம் அனுப்பினார். அடுத்த பருவத்தில் டொக்டர் சரி என்ற பிறகு கயிற்றின் கடைசியில் போய் நின்றேன். நீண்ட இடைவெளிக்குப் பின் தொடங்கியதால் மறுபடி உடம்பு நொந்தது. மறுபடி தராசு ஒரு கிலோ ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அது தானாகவே போனது.

தங்கச்சிக்குக் காலையும் மாலையும் மாத்திரைகள், மாதாமாதம் கொழும்பில் கிளினிக். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பசி கூடிவிட்டது என்று குறைப்படுகிறாள். போன மாதம் மூதூரில் மச்சானின் சகோதரியின் மகளுக்குக் கல்யாணம். டயலிசிஸ் தொடங்கியதிலிருந்து, ஆஸ்பத்திரியைத் தவிர, அவள் எந்த ஊரிலும் இரண்டு இரவு சேர்ந்தாற்போலத் தங்கியதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் பின்னேரம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே சத்தம். பிள்ளைகள் ஓடுகிறார்கள், யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

“எப்ப வாறாய்?” என்று கேட்டேன்.

“இண்டைக்கு வரேல்லை அண்ணா. நாளைக்கும் நிக்கிறம். நாளையிண்டைக்கும் நிண்டாலும் நிப்பம்” என்றாள்.